மின்ட்டில் தமிழ்99 தட்டினால் புள்ளி விழவில்லை. விண்டோஸில் இருந்த வேறு சில வசதிகளும் வேண்டும்

கேள்வி (மார்த்தாண்டம்)

மனு டைப்பிங், ஜெராக்ஸ் கடைக்கான சிஸ்டம். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, 11 இதில் ஏறாது. அதனால் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பைப் போட்டிருக்கிறேன்.

கீபோர்டு செட்டிங்கில் லேஅவுட் தாவலில் தமிழ்நெட் 99 (தமிழ்99 விசைப்பலகைதான்) சேர்த்தேன். 'பக்கம்' என்று தட்டினால் 'பககம்' என்று வருகிறது. விண்டோஸ் விசையும் வி-யும் சேர்த்து அழுத்தினால் வரும் காப்பிப் பட்டியல் இங்கே இல்லை. ஏதாவது காப்பி செய்துவிட்டு அந்த விண்டோவை மூடினால், சில நேரம் பேஸ்ட்டும் ஆவதில்லை. டி டிரைவ் சில நாள் படிக்க மட்டும்தான் விடுகிறது. பழைய வேர்டு ஃபைல்களில் வரி மாறிப் பக்கம் கூடுகிறது. விண்டோஸை முழுசா எடுத்துவிடலாமா?

பதில் (நாகர்கோவில்)

புள்ளி விஷயத்தில் நீங்கள் சேர்த்த இடம்தான் தவறு. லேஅவுட் தாவலில் இருப்பது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற வெறும் அட்டவணை. முந்தைய எழுத்து என்ன என்று அது பார்க்காது. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி, ங-க, ஞ-ச, ந-த, ண-ட, ம-ப, ன-ற சேர்ந்தால் தானாகப் புள்ளி என்ற தமிழ்99 விதிகளுக்கு அதன் மேல் ஒரு உள்ளீட்டு முறை ஓட வேண்டும். விண்டோஸில் என்எச்எம் ரைட்டரோ அழகியோ செய்யும் வேலையை இங்கே ஐபஸ் செய்யும்.

முதலில் அந்த லேஅவுட்டை நீக்கி, ஆங்கிலம் மட்டும் விடுங்கள். மென்பொருள் நிறுவ உதவும் சினாப்டிக் திறந்து ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவுங்கள். மெனுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். கட்டாயம் லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். லாகின் ஆகும்போதுதான் இந்தத் தேர்வு எல்லா ஆப்புக்கும் போய்ச் சேரும். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு ஐபஸ் பிரிஃபரன்சஸில் இன்புட் மெத்தட் தாவல், ஆட், தமிழ், அதில் எம்17என் என்று போட்டிருக்கும் தமிழ்99. மாற்றுவதற்கு விண்டோஸ் விசையும் ஸ்பேஸும்.

பதில் (தக்கலை)

டி டிரைவுக்குக் காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் போகிறது. டிரைவின் கணக்கு இன்னும் அதன் கையில் இருப்பதால், லினக்ஸ் எழுத மறுக்கிறது. மறுப்பதுதான் நல்லது, எழுதினால் ஃபைல் கெடும். ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வந்த நாளில் இந்தத் தொல்லை இருந்திருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்துக்குப் போய், மங்கலாக இருப்பதை மாற்ற அனுமதிக்கும் இணைப்பை அழுத்தி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுங்கள். அதன் பிறகும் வந்தால், மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் பாதியில் அணைந்திருக்கும். விண்டோஸுக்குள் போய், டி டிரைவின் பிராப்பர்ட்டீஸில் டூல்ஸ் தாவலில் எர்ரர் செக்கிங் ஓட்டுங்கள். லினக்ஸ் பக்கமிருந்து உறக்கக் கோப்பை அழித்து வழி பண்ணச் சொல்லுவார்கள், வேண்டாம்.

காப்பி விஷயம்: லினக்ஸில் திரையையும் விண்டோக்களையும் கவனிக்கும் எக்ஸ்11-இல் காப்பி செய்த எழுத்து அந்த ஆப்பிடமே இருக்கும், பேஸ்ட் செய்யும்போது கேட்டு வாங்கப்படும். ஆப்பை மூடினால் கேட்க ஆளில்லை. கிளிப்மேன் நிறுவிப் பேனலில் சேர்த்தால் அது வாங்கி வைத்துக்கொள்ளும், பட்டியலும் கிடைக்கும். இன்னொன்று, எழுத்தை மவுஸால் தேர்ந்தெடுத்தாலே போதும், நடு பட்டனை அழுத்திய இடத்தில் ஒட்டும். விண்டோஸில் இது கிடையாது.

பதில் (களியக்காவிளை)

வரி மாறுவது ஃபான்ட்டால். லதா, நிர்மலா விண்டோஸோடு வருபவை. இங்கே இல்லாததால், வேர்டு ஃபைலைத் திறக்கும் லிப்ரே ஆபிஸ் வேறொன்றைப் போடுகிறது. அகலம் வேறு, வரியும் வேறு. ஃபான்ட் பெட்டியில் பெயர் சாய்வாக இருந்தால் அது இல்லை என்று அர்த்தம். புது ஃபைல்களுக்கு நோட்டோ சான்ஸ் தமிழை இரண்டு பக்கமும் நிறுவுங்கள், இலவசம்தான். வாடிக்கையாளருக்கு அனுப்புவது பிடிஎஃப் ஆகவே இருக்கட்டும். பாமினி, வானவில் ஃபைல்கள் யூனிகோடு இல்லை. அந்த ஃபான்ட்டை நிறுவினால் படிக்கலாம், அச்சடிக்கலாம். திருத்துவதை விண்டோஸிலேயே செய்யுங்கள். மலையாள மனு வந்தால் அதே ஐபஸ் பட்டியலில் ஆங்கில எழுத்தில் தட்டும் 'மொழி' என்ற முறை, இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை இரண்டும் உண்டு.

கேள்வி கேட்டவர்

அண்ணாச்சிமாரே, புள்ளி விழுகிறது, கிளிப்மேனும் ஆச்சு. லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் தமிழும் பயர்ஃபாக்ஸில் ஆங்கிலமும் அப்படியே நிற்க வழி உண்டா? பிரிண்டர் கேனன் எல்பிபி2900.

பதில் (நாகர்கோவில்)

ஐபஸ் பிரிஃபரன்சஸில் அட்வான்ஸ்டு தாவல். எல்லா ஆப்புக்கும் ஒரே உள்ளீடு என்ற டிக்கை எடுத்தால், விண்டோ ஒவ்வொன்றும் தன் மொழியை நினைவில் வைக்கும்.

2900, பொதுவான பிரிண்டர் மொழிகளான பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டும் புரியாத, கேனனின் சொந்த கேப்ட் வகை. செருகியதும் தானாக வேலை செய்யாது, கேனனின் லினக்ஸ் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். அதுவும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருந்தால் அதுவும் ஓடிப் பார்க்கும்வரை விண்டோஸை எடுக்காதீர்கள். நெட் மட்டும் கொடுக்காமல் வைத்திருங்கள்.