டாசி மரபணு மாற்றம் இருந்தால் சிவிஐடி வந்தே தீருமா?

கேள்வி: சிவிஐடி (உடல் போதிய எதிர்ப்பொருள் செய்யாததால் அடிக்கடி தொற்று வரும் நோய்) உள்ள ஒருவருக்கு டாசி மரபணுவின் (எதிர்ப்பொருள் செய்யும் வெள்ளணுக்களான பி செல்களுக்கு உதவுவது) ஒரு பிரதியில் மட்டும் சி104ஆர் என்ற மாற்றம். உடன்பிறந்தவருக்கும் அதே மாற்றம். அடிக்கடி தொற்று எதுவும் இல்லை. அவருக்கும் நோய் வருமா?

பதில் 1: அப்படிச் சொல்ல முடியாது. இதே மாற்றத்தோடு நலமாக இருப்பவர்களும் உண்டு. இது வாய்ப்பைக் கூட்டும், தனியே நோயை உண்டாக்காது. பிடிகே என்ற மரபணு வேறு கதை: எக்ஸ் குரோமோசோமிலுள்ள அது பழுதானால் ஆண் குழந்தைக்கு பி செல்கள் அநேகமாக இருக்காது, சிடி19 (பி செல்களை எண்ண உதவும் அடையாளம்) உள்ள செல்கள் வழக்கமாக லிம்போசைட்டுகளில் 2 சதவீதத்துக்குக் கீழே.

பதில் 2: மரபணு அறிக்கையைவிட ரத்தம் முக்கியம். ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் வகைகளின் அளவைப் பாருங்க, வயதுக்கேற்ற வரம்போடு ஒப்பிடணும். ஐஜிஜி குறைந்தால், உடல் புதிதாக எதிர்ப்பொருள் செய்கிறதா என்று பார்க்க நிமோகாக்கல் பாலிசாக்கரைடு தடுப்பூசிக்கு முன்பு ஒரு ரத்த மாதிரி, 4 வாரம் கழித்து இன்னொன்று. சிகிச்சையாக இம்யூனோகுளோபுலின் (பிறர் கொடுத்த ரத்தத்தின் எதிர்ப்பொருள்) ஏற்றிய பிறகு எடுத்தால் வீண். கொடையாளர்களின் எதிர்ப்பொருளையும் சேர்த்துத்தான் அளப்பீங்க.

பதில் 3: ஐஜிஜி மட்டும் குறைவா? முதலில் சிறுநீரில் புரதம் போகிறதா, பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து கொடுத்தார்களா என்று கேளுங்க. பலர் இதை விட்டுவிட்டு நேரே மரபணுவுக்கு ஓடுறாங்க. குழந்தையென்றால் 4 வயதுக்கு முன் ஐஜிஏ குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது.