புதுப்பிப்பு: ரசீது பிடிஎஃபில் கொம்பு இடம் மாறிய சிக்கல் தீர்ந்தது

மொரீஷியஸில் எங்கள் ஊர்க் கோவிலுக்கு நான் எழுதிய காவடிப் பதிவுத் தளத்தில், ரசீதை பிடிஎஃபாக மாற்றினால் 'பெயர்' என்பதில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். எழுத்துருதான் கோளாறு என்று நினைத்து நாலைந்து மாற்றிப் பார்த்தேன். வீண் வேலை.

யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பிறகுதான் சேமிக்கப்படுகிறது. வரையும்போதுதான் முன்னால் நகர வேண்டும். பிடிஎஃப் உருவாக்க நான் வைத்திருந்த லைப்ரரி அதைச் செய்வதே இல்லை. பிரெஞ்சு ரசீதில் ஒரு குறையும் இல்லாததால், சோதித்தபோது என் கண்ணில் படவில்லை.

சரி என்று, குரோம் பிரவுசரை நிரல் வழியாக இயக்கும் பப்பெட்டியர் என்ற கருவிக்கு மாறினேன். அது குரோமைத் திரையில்லாமல் ஓட்டுவதால் எழுத்துகளை குரோமுக்குள் இருக்கும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தடுக்கும் நிரல் ஒழுங்காக அடுக்கிவிடுகிறது. ஆனால் முதல் ரசீது முழுக்க வெறும் கட்டங்கள்! சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவியதும் சரியானது.

அப்புறம் இரண்டு அமைப்புகள்: தாள் அளவு சொல்லாவிட்டால் அமெரிக்க லெட்டர் வரும், ஏ4 என்று கொடுங்கள். பின்னணி நிறமும் தானாக அச்சாகாது. பிரிண்ட்பேக்கிரவுண்டை ட்ரூ ஆக்க வேண்டும். எங்கள் மஞ்சள் தலைப்புப் பட்டை காணாமல் போனது அதனால்தான்.

நினைவகம் கொஞ்சம் அதிகம் தின்கிறது. ஒவ்வொரு ரசீதுக்கும் புது பிரவுசர் திறக்காமல் ஒன்றையே வைத்துச் சமாளிக்கிறேன்.