உயர்மலைச் சரிவில் புல் விதைக்க ஆலோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மரங்கள் வளரும் எல்லைக்கும் மேலே, குழாய் பதிக்கத் தோண்டிய ஒரு சரிவை மறுபடி புல்வெளியாக்கும் வேலையில் இருக்கிறோம். தனியாக எடுத்து வைத்திருந்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்பியாயிற்று. சிக்கல் இனிமேல்தான்.

அங்கே வளரும் பருவம் ரொம்பக் குறுகியது. நாற்று வேர் இறக்குவதற்குள் மண்ணின் ஈரம் உறைந்து உப்பி, அதை வேரோடு மேலே தள்ளிவிடுகிறது. சமவெளிப் புல் விதைக் கலவை முதல் வருடம் பச்சைப்பசேலென்று தெரியும். ஆனால் அந்தக் குளிரில் பெரும்பாலும் விதை கட்டாது, சில வருடத்தில் மெலிந்து மறைந்துவிடும். அதனால் பக்கத்தில், அதே உயரத்தில் விளைந்த விதையைத்தான் போட வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

பனிக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன் விதைத்து, பனி உருகும் ஈரத்தில் முளைக்க விடுவதா? இல்லை, பனி கரைந்தபின் விதைப்பதா? செங்குத்தான இடத்தில் வைக்கோல் மூடாக்கு காற்றில் பறக்கிறது; தென்னை நார் வலை விரித்தவர்கள் இருக்கிறீர்களா? தழைச்சத்து கூடினால் களை முந்திக்கொள்ளும் என்று உரத்தைக் குறைத்தே வைத்திருக்கிறோம். அப்புறம், விதையோடு அறுத்த புல்லை அப்படியே பரப்பியவர்கள், எந்தப் பக்குவத்தில் அறுத்தீர்கள் என்று அவசியம் சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.