ஏஜென்ட்டுக்கு டூல் எழுதுனவங்க, சோதிச்சுப் பாத்தவங்க அனுபவத்தச் சொல்லுங்க

பாளையங்கோட்டை ஆளு:
நான் கோட் எழுதுற ஆள் இல்ல, டாக்குமென்ட் எழுதுற ஆளு. முன்னாடி மனுசன் படிக்கதுக்கு எழுதுனேன், இப்பம் ஏஜென்ட், அதாவது நாம சொன்ன வேலைய தானே டூலக் கூப்பிட்டு முடிக்கிற ஏஐ, படிக்கதுக்கும் எழுதுதேன். டூல்னா அது கூப்பிடுத சின்ன புரோகிராம். மனுசனுக்குப் புரியலன்னா பக்கத்து சீட்டுல கேட்டுருவான், இந்தச் சவம் பெரும்பாலும் கேக்காது, டூல் பேரு, விளக்கம், உள்ள என்னென்ன குடுக்கணும்ங்கிற ஜேசன் ஸ்கீமா, இம்புட்டுதான் அதுக்குத் தெரியும், மிச்சத்த அதுவா ஊகிச்சுக்கிடும். 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் கம்பெனி எம்சிபிய, அதாவது ஏஜென்ட்டையும் டூலையும் இணைக்கிற பொது விதிமுறைய, வெளியிட்ட பொறவு ஆளாளுக்கு டூல் குடுக்கிற சர்வர் போடுதாங்க, தொறந்து பாத்தா "தகவல் எடுக்கும்"னு ஒத்த வரி கிடக்கு. என்ன தகவல், எப்பம் கூப்பிடணும், எப்பம் கூப்பிடக் கூடாது, ஒரு எளவும் கிடையாது.

ஒரு எடத்துல "ஆர்டர் பாரு", "ஆர்டர் தேடு"ன்னு ரெண்டு டூல் வச்சிருந்தாங்க. ஏஜென்ட் ரெண்டையும் மாத்தி மாத்திக் கூப்பிடுது, மீட்டிங்ல எல்லாரும் ஏஜென்ட்டுக்குள்ள இருக்க ஏஐ மாடல மாத்துங்கன்னு நிக்காங்க. ரெண்டையும் ஒண்ணாக்கி, ஆர்டர் நம்பர் இருந்தா இத நிரப்பு, போன் நம்பர் மட்டும் இருந்தா அத நிரப்புன்னு எழுதுனதும் கொழப்பம் நின்னுட்டு. மாடல் அதே மாடல்தான்.

அம்பை பக்கத்து ஆளு:
அண்ணாச்சி, எங்க கதையக் கேளுங்க. வெவசாயிங்க வாட்ஸப்ல கேட்டா அணை நிலவரம் சொல்லுத மாதிரி ஒரு ஏஜென்ட், டூல வெளியூர் கம்பெனி ஒண்ணு பண்ணிக் குடுத்துச்சு. ஒரு நாள் பாபநாசம் அணை ஆயிரத்து சொச்சம் அடின்னு பதில் வந்துட்டு. பாபநாசத்துக்கு முழு மட்டமே 143 அடிதான வே, மணிமுத்தாறு 118. இங்க உள்ள சின்னப் பயல கேட்டாலும் சிரிப்பான். உள்ள போய்ப் பாத்தா டூல் வெறும் எண்ணாத் திருப்புது, மட்டம் அடியில, தண்ணி வெளிய போறது வினாடிக்கு இத்தன கன அடின்னு, ஆனா எது எதுன்னு அலகு எங்கயும் எழுதல, அது கன அடிய எடுத்து அடின்னு சொல்லிட்டு. அதுவாவது சிரிச்சுட்டுப் போயிறலாம், இன்னொரு நாள் மேல இருந்து டேட்டா வரல, டூல் சைபர்னு குடுத்துட்டு, ஏஜென்ட் அணை வத்திப் போச்சுன்னு சொல்லுது! பிசானத்துக்கு நாத்து விட்டுட்டு உக்காந்துருக்கவனுக்கு இதப் படிச்சா எப்படி இருக்கும். இப்பம் ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு, எந்த நேரத்து அளவு, அணையோட முழு மட்டம் எல்லாம் பதில்லயே வருது, டேட்டா இல்லன்னா "இன்னைக்கு அளவு வரல"ன்னு தெளிவா வருது.

வண்ணார்பேட்டை டெஸ்டர்:
சைபர் விசயம் எல்லா எடத்துலயும் உண்டு. எர்ரரும் அப்படித்தான். கேட்டது தப்புங்கிறதுக்கு உள்ள 400ங்கிற எண்ண மட்டும் திருப்புனா ஏஜென்ட் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டு கிடக்கும், "தேதிய வருசம்-மாசம்-நாள்னு குடு"ன்னு எர்ரர்லயே எழுதுனா பல நேரம் அடுத்த தடவையே திருத்திக்கிடும்.

சோதிக்கிறதுல ரெண்டு விசயம் சொல்லுதேன். ஏஜென்ட் "முடிச்சுட்டேன்"னு சொல்லுதத நம்பாதீங்க, டேட்டாபேஸ்ல என்ன மாறிச்சுன்னு பாருங்க. பொறவு ஒரு தடவ சரியா வந்துட்டுன்னு டிக் போடாதீங்க. 2024ல டௌ-பென்ச்னு ஒரு சோதனை வந்துச்சு, ஒரே வேலைய பல தடவ குடுத்து எல்லாத் தடவையும் சரியா வருதான்னு பாப்பாங்க. அதுல கடை ஆர்டர் வேலைகள்ல ஜிபிடி-4ஓங்கிற மாடல் எட்டுத் தடவையும் சரியா முடிச்சது 25 சதவீதத்துக்கும் கீழ. டெமோவுல ஒரு தடவ காட்டிட்டு கை தட்டு வாங்குதவங்கள நெனச்சா எனக்கு எரிச்சலா வருது.

டவுன் கடைக்காரர்:
நமக்கு மொத்த வியாபாரம், சாப்ட்வேர் தெரியாது. ஸ்டாக் டூல் "அப்டேட்"னு ஒண்ணு குடுத்தாங்க, ஏஜென்ட்ட பத்து மூட உளுந்து வந்துருக்கு சேத்துக்கோன்னேன், இருந்த ஸ்டாக்க அழிச்சுட்டு பத்துன்னு போட்டுட்டு. கூட்டுமா மாத்துமான்னு அந்த டூல்ல யாருமே எழுதி வைக்கலயாம். எம்சிபில இது அழிக்கிற டூல், இது சும்மா படிக்கிற டூல்னு குறி வைக்க வழி இருக்குன்னு மருமவன் சொல்லுதான், அத வச்சா போதுமா?

வண்ணார்பேட்டை டெஸ்டர்:
போதாது அண்ணாச்சி. அது குறிப்பு மட்டுந்தான், பூட்டு கிடையாது, எழுதுனவன் தப்பா எழுதிருந்தா தப்பாவே இருக்கும். நம்பிக்கையில்லாத சர்வர்ல இருந்து வந்த குறிய நம்பக் கூடாதுன்னு அந்த விதிமுறையிலயே இருக்கு. "ஸ்டாக் கூட்டு", "ஸ்டாக் திருத்து"ன்னு தனித்தனியா ரெண்டா பிரிக்கச் சொல்லுங்க, திருத்துதுக்கு முன்னாடி பழைய எண்ணையும் புது எண்ணையும் காட்டி உங்ககிட்ட ஓகே வாங்கச் சொல்லுங்க. பிரிச்ச பொறவு அதே உளுந்துக் கேள்விய வேற வேற மாதிரி கேட்டுப் பாருங்க, "மூட பத்து வந்துட்டு", "பத்து போடு", இப்படி. "பத்து போடு"லதான் மாட்டும்னு நெனைக்கேன்.