நிழல் வளவில கார்த்திகைப்பூ வருமோ?

மாங்குளத்தாள்:
எங்கட வளவு முழுக்கப் பாலையும் வேம்பும், வெயில் விழுறதே குறைவு. பக்கத்துப் பத்தைக்குள்ள மாரி மழைக்குக் கார்த்திகைப்பூ தானா எழும்பி வேலியெல்லாம் படருது, அதை வீட்டடியிலயும் வைக்க ஆசை. விதையோ கிழங்கோ நல்லம்?

வளவுக்காரன்:
கிழங்குதான் தங்கச்சி. விதையெண்டா பூக்காண 3-4 வருசம் போகும். கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சிருக்கும், முளை அதின்ர நுனியிலதான், அது முறிஞ்சா அந்தப் பக்கம் முளைக்காது, கவனம். மழைக்கு முந்தி, புரட்டாதியில படுக்க வைச்சுத் தாழுங்கோ. பாலைக்கு நேர கீழ வேண்டாம், ஓரமாக் காலமை வெயில் படுற இடம் பாருங்கோ, கடும் நிழலெண்டா கொடி நீளுமே தவிரப் பூக்கிறது குறைவு. இலை நுனியே சுருண்டு பிடிக்கும், கம்பு ஒண்டு ஊண்டினாக் காணும்.

ஒட்டுசுட்டான் பெடியன்:
தைக்குப் பிறகு கொடி காஞ்சா செத்துப்போச்செண்டு கிண்டாதேங்கோ, கிழங்கு கீழ உறங்கும். தண்ணியும் ஊத்தவேண்டாம், அழுகும்.

ஆச்சி:
பிள்ளை, ஆடு மாடு, சின்னப்பிள்ளையள் இருந்தா யோசிச்சுச் செய் மோனை. முழுச்செடியிலயும் கொல்சிசின் எண்ட நஞ்சு, கிழங்கும் விதையும்தான் மோசம். வத்தாளங்கிழங்கெண்டு அவிச்சுத் திண்டு செத்த ஆக்களும் இருக்கினம். தொட்டாக் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவு.

மாங்குளத்தாள்:
ஐயோ ஆடு நிக்குது ஆச்சி, அப்ப கம்பிவலை அடைச்சுத்தான் வைக்கோணும்.