ஸ்கேன் செய்யலாம், அனுப்பக் கூடாதா?

கிளைநூலகர்:
எங்கள் நூலகத்தில் ஒரு சிறு நூல் இருக்கிறது. ஒரு தாலுகாவின் ஏரிகள், மதகுகள், தண்ணீர் முறை வைக்கும் வழக்கம் பற்றி உள்ளூர் ஆசிரியர் ஒருவர் எழுதி 1964இல் தாமே அச்சிட்டது. புரட்டினால் ஓரம் அப்பளம்போல் நொறுங்குகிறது. அதனால் போன மாதம் ஸ்கேன் செய்து வைத்தோம். இப்போது திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆய்வு மாணவி பிடிஎஃப் கேட்கிறார். நூலாசிரியர் காலமானது 1979இல். இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்றால் 2039 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. மறுபதிப்பு எதுவும் இல்லை. “நேரில் வந்து பாருங்கள்” என்று பதில் எழுதினேன். எழுதிய கை கூசியது. அனுப்பினால்தான் என்ன?

சிறுபதிப்பாளர்:
அனுப்பக் கூடாது. பழைய எழுத்தாளர் ஒருவரின் கதைகளைத் தேடித் தொகுத்து, வாரிசுகளைக் கண்டுபிடித்து, உரிமைத்தொகை கொடுத்து 300 பிரதி அச்சிட்டேன். மூன்றாவது வாரமே ஒரு வாட்ஸ்அப் குழுவில் முழு நூலும் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் ஒரு நூலகத்தின் நீல முத்திரை! யாரோ ஒரு வாசகருக்கு நல்லெண்ணத்தோடு அனுப்பியதாகத்தான் இருக்கும். மீதி 180 பிரதி என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அமெரிக்காவில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகமும் நல்லெண்ணம்தான் பேசியது. கையிலிருக்கும் ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்று ஸ்கேன்களை இரவல் கொடுத்தார்கள். 2020 ஊரடங்கில் அந்த வரம்பையும் தளர்த்தினார்கள். பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் ஆர்க்கைவ் தோற்றது.

கிளைநூலகர்:
ஐயா, உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வழக்கிலிருந்த 127 நூல்களும் பெரிய பதிப்பகங்கள் மின்னூலாக விற்றுக்கொண்டிருந்தவை. நான் சொல்லும் மதகுப் புத்தகத்தை இன்று யார் விற்கிறார்கள்? காசு கொடுத்து வாங்கத் தயாராக ஒருவர் இருக்கிறார், கடைதான் இல்லை.

சட்டக்கல்லூரி வாசல்:
சட்டம் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், 2012 திருத்தம் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. அச்சுப்பிரதி ஏற்கெனவே கையில் இருந்தால், லாப நோக்கமற்ற பொது நூலகம் அதைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ளலாம். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலுக்கு, நூலகத்தின் பயன்பாட்டுக்காக மூன்று பிரதிகள்வரை எடுக்கலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. சேமித்ததை வெளியூர் வாசகருக்கு அனுப்பலாமா என்பதைப் பற்றி அந்த உட்பிரிவில் ஒரு வரி இல்லை. மாணவி பஸ் ஏறி வந்து, தேவையான பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்தால், சொந்த ஆய்வுக்கான நியாயமான பயன்பாடு என்று தைரியமாக வாதாடலாம். அதே பக்கத்தை நீங்கள் அனுப்பினால் அந்தத் தைரியம் எனக்கு வராது.

வாரிசு தெரியாத நூலுக்கு 31ஏ பிரிவின்படி கட்டாய உரிமம், அதாவது உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே வெளியிட அனுமதி, கேட்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன் ஓர் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுக்கவேண்டும். ஏரிக்கரைத் தமிழாசிரியரின் பேரனைத் தேட ஆங்கிலப் பேப்பர்! முன்பு இதை விசாரித்த வாரியமும் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. இனி நீதிமன்றப் படிதான்.

வெண்கோல்:
எனக்குப் பார்வை இல்லை. எனக்கு அந்த நூலைப் படிக்கும் வடிவத்தில் தரச் சட்டமே இடம் கொடுக்கிறது. பார்வையற்றோருக்குப் படிக்கும் வடிவில் நூல் கிடைக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்ற நாடு இந்தியா. ஆனால் நூலகங்கள் தரும் பிடிஎஃப் வெறும் படம். திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் “பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு” என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடுகிறது. அனுமதி கிடைத்தால் போதும் என்று இங்கே எல்லோரும் நினைப்பதாகத் தெரிகிறது. அதனால் சொன்னேன்.

நல்லூர்வாசி:
1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சேர்ந்து எரிந்தன. ஒற்றைப் பிரதியை அலமாரிக்குள் பூட்டி வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. இலங்கையில் உரிமைக்காலம் 70 ஆண்டு, உங்களுடையதைவிட நீளம். அப்படியிருந்தும் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்க 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் எழுத்தாளர்களிடமும் குடும்பங்களிடமும் அனுமதி கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தது.

சிறுபதிப்பாளர்:
பார்த்தீர்களா, கேட்டுத்தான்! “விற்பனையில் இல்லை” என்கிறீர்கள். இன்றைக்கு இல்லை, சரி. நாளைக்கு நானே போடலாமே? இலவசக் கோப்பு ஊரெல்லாம் சுற்றிய பிறகு எந்தப் பைத்தியக்காரன் மறுபதிப்புப் போடுவான்? அரசு அந்த நூலை நாட்டுடைமையாக்கட்டும், வாரிசுக்குப் பணம் கொடுக்கட்டும், பிறகு தாராளமாக அனுப்புங்கள்.

கிளைநூலகர்:
நாட்டுடைமைப் பட்டியலுக்குப் போவது பேர்பெற்றவர்கள். ஒரே ஒரு நூல் எழுதிய பள்ளிக்கூட வாத்தியாரை யார் பரிந்துரைப்பார்கள்? 2039க்குள் இந்தத் தாள் இருக்காது, அந்த மாணவியும் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

சிறுபதிப்பாளர்:
தலைப்புப் பக்கத்தின் பின்புறம் என்ன அச்சாகியிருக்கிறது?

கிளைநூலகர்:
“உரிமை ஆசிரியருக்கே. விலை ரூ. 1.50. கிடைக்குமிடம்: ஆசிரியர் இல்லம், மேலத் தெரு.” அந்த முகவரிக்கு அஞ்சலட்டை போட்டேன். பதிலும் இல்லை, அட்டையும் திரும்பவில்லை.

சிறுபதிப்பாளர்:
திரும்பவில்லை என்றால் யாரோ வாங்கியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரைத் தனிமடலில் அனுப்புங்கள். அடுத்த மாதம் புத்தகக் கண்காட்சிக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். பிடிஎஃப் அனுப்பக் கூடாது என்பதில் எனக்கு மாற்றமில்லை.