ஐந்து எதிரிகள், ஒரே வக்கீல்: சரிப்படுமா?

பாமணியாறு:
மன்னார்குடி பக்கம் வாய்க்கால் மடை திறந்ததில் அடிதடி. பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 109 (கொலை முயற்சி), 118(2) (ஆயுதத்தால் கொடுங்காயம்), 191(3) (ஆயுதத்தோடு கலகம்), 190 (சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கம்) போட்டிருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர்.படி ஏ1 (முதல் எதிரி, அதாவது முதலாவது குற்றம் சாட்டப்பட்டவர்) கையில் அரிவாள். ஏ4 வெறுங்கையோடு கூட நின்றவர். ஐந்து பேருக்கும் ஒரே வக்கீல், ஃபீஸ் முழுக்க ஏ1 தருகிறார். ஏ4-க்குத் தனி வக்கீல் தேவையா? கோர்ட்டில் சார்ஜ் (குற்றச்சாட்டு) இன்னும் ஃப்ரேம் ஆகவில்லை.

சாட்சிக்கூண்டு:
ஏ4-க்கு எந்த டிஃபென்ஸ் நிற்கும் என்று முதலில் பாருங்கள். "ஐவருமே அங்கே இல்லை, பொய் வழக்கு" என்பதுதான் எல்லோர் நிலையும் என்றால் ஒரே வக்கீல் போதும். "சத்தம் கேட்டு வந்தார், வெட்டு விழும் என்று அவருக்குத் தெரியாது" என்றால் போதாது.

190-இல் பொது நோக்கம் நிரூபணமானால் கை வைக்காதவரும் வெட்டியவரும் ஒன்றுதான். அதை உடைக்க, ஏ4 எப்போது வந்தார், எங்கே நின்றார், கையில் ஒன்றும் இல்லை என்பதையெல்லாம் நேர்சாட்சி வாயாலேயே வாங்க வேண்டும். வாங்கினால், அதே சாட்சி ஏ1-ஐப் பற்றிச் சொன்னதும் பலப்பட்டுவிடும். இருவருக்கும் ஆஜராகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். கேட்காமல் விட்ட கேள்வி எந்த ரெக்கார்டிலும் ஏறாது, சேதம் அங்கேதான்.

ஏ4-க்குத் தனி ஜாமீன் மனுவா, ஐவருக்கும் சேர்த்து ஒன்றா என்றும் பாருங்கள். சேர்த்துப் போட்டிருந்தால் "இவர் மீது ஓவர்ட் ஆக்ட் (நேரடியாகச் செய்த செயல்) இல்லை" என்ற வாதம் அமுங்கியிருக்கும்.

ஃபீஸை யார் கொடுத்தாலும் வக்காலத்தில் (வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரம்) கையெழுத்துப் போட்டவர்தான் கட்சிக்காரர். கட்சிக்காரரோ அவருடைய ஏஜென்டோ அல்லாதவர் சொல்படி நடக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 19. வழக்குத் தரப்பினரோடு தனக்குள்ள தொடர்புகளை வக்கீல் ஆரம்பத்திலேயே கட்சிக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது விதி 14.

வரப்போரம்:
எனக்கு இதில் பாதிதான் சம்மதம். ஆளுக்கொரு வக்கீல் வைத்து ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டால் பி.பி.க்கு (அரசு வக்கீலுக்கு) வேலை மிச்சம். தனி வக்காலத்து இருக்கட்டும். குறுக்கு விசாரணையை யார் முதலில் எடுப்பது என்று இரண்டு வக்கீல்களும் பேசி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏ4 அப்ரூவராக, அதாவது மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக, வாய்ப்பு உண்டு என்றால் (குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 343) இன்றைக்கே பிரியுங்கள். பிறகு அதே வக்கீல் தன் பழைய கட்சிக்காரரையே குறுக்கு விசாரணை செய்ய நேரும். அவர் நம்பிச் சொன்னதை வெளியிட சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ. 132 தடுக்கிறது, வக்காலத்து முடிந்த பிறகும். கடைசியில் அந்த வக்கீல் ஏ1-க்கும் உதவாமல் போவார்.

பாமணியாறு:
பழைய வக்கீல் கேஸ் கட்டைத் தர மறுத்தால்? தனி வக்கீலுக்கு ஏ4 வீட்டில் பணமும் இல்லை.

சாட்சிக்கூண்டு:
ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைக்க முடியாது, ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புது வக்காலத்தில் பழையவரிடம் "ஆட்சேபணை இல்லை" எழுதி வாங்குங்கள். மறுத்தால் கோர்ட்டில் மனுப் போட்டு அனுமதி கேட்கலாம். ஏ4 ரிமாண்டில் இருந்தால் வக்காலத்தில் அவர் கையெழுத்துக்கு ஜெயில் அதிகாரி சான்று வேண்டும்.

காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு (1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12). திருவாரூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ மன்னார்குடி வட்டக் குழுவிலோ மனுக் கொடுங்கள். மற்ற எதிரிகளும் அங்கே போனால் வேறு வக்கீல் வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள்.

எல்லாவற்றையும் சார்ஜ் ஃப்ரேம் ஆவதற்குள் முடியுங்கள். நேர்சாட்சி விசாரணை முடிந்த பின் மாற்றினால், பி.என்.எஸ்.எஸ். 348-இல் அந்தச் சாட்சியைத் திரும்ப அழைக்க மனுப் போட வேண்டிவரும். "வக்கீலை மாற்றிவிட்டோம்" என்ற காரணம் மட்டும் அதற்குப் போதாது.